5,100 ரூபாய்க்கு நாலு டிபன் பாக்ஸ்

நான் ஓய்வு பெற்ற சர்வேயர். பாலக்கோடு, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று முப்பத்தொரு வருஷம் கல் தேடிய ஆள். புலப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்து, எவனோ ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்ட எல்லைக்கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வேலையை நான் காசு கொடுத்துச் செய்தேன்.

மகன் பெங்களூரில் வேலை. அங்கிருந்து வார இறுதியில் மலையேற்றம், கூடாரம் என்று ஆள் கூட்டிப் போகிற ஒரு கம்பெனி, கிருஷ்ணகிரி அணைப் பக்கம் 'ஜியோகேச்சிங்' ஆரம்பித்திருக்கிறது என்று பதிவு செய்துவிட்டான். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,400, சின்னப் பிள்ளைக்கு 900. மகன், மருமகள், நான், பேத்தி. ஆக 5,100. காலை 7 மணியிலிருந்து பகல் 12 வரை, டிபன் அவர்கள் பொறுப்பு. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகிறது, திருத்திக்கொள்ளட்டும்.

டிபனைப் பற்றி ஒரு வரி போதும்: இட்லி ஆறிப்போயிருந்தது, சட்னி நன்றாக இருந்தது.

விளையாட்டு என்னவென்றால், ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கிற நோட்டில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே கிடக்கிற சின்னப் பொருள் எதையாவது எடுத்துக்கொண்டால் அதே மதிப்புக்கு நாமும் ஒன்றைப் போட வேண்டும். 2000ஆம் வருஷம் மே மாதம் தொடங்கியது. அதற்கு முன்னால், பொதுமக்கள் கையில் இருக்கிற ஜிபிஎஸ் சரியாகக் காட்டக் கூடாது என்று அமெரிக்க அரசு சிக்னலை வேண்டுமென்றே கலைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தப்பும். அந்தக் கலைப்பை நிறுத்தியதும், ஓரிரண்டு நாளிலேயே, மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் சாமானைப் போட்டுக் காட்டில் வைத்துவிட்டு இடத்தை அறிவித்தார். அதுதான் முதல் டப்பா. இன்றைக்கு உலகம் பூராவும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. போனில் செயலியை இறக்கி அடிப்படைக் கணக்கு தொடங்கப் பைசா கிடையாது.

அப்புறம் எதற்கு 5,100 என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "அனுபவத்துக்கு, மாமா" என்றாள் மருமகள்.

அணைப் பூங்காவுக்கு வெளியே பதினாறு பேர் கூடினோம். கம்பெனியிலிருந்து வந்த பையன் தன்னை 'கோஆர்டினேட்டர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். கூடவே உள்ளூர்த் தம்பி ஒருவன், வழி காட்ட. கோஆர்டினேட்டர் நாலு இடத்துக்கும் எண்கள் அச்சடித்த தாளைக் கொடுத்தான். பிரச்சினை அங்கேயே ஆரம்பித்தது. தாளில் டிகிரி, அப்புறம் நிமிடம், நிமிடத்துக்கு மூன்று தசம இடம். ஜியோகேச்சிங்கில் அப்படித்தான் எழுதுவார்கள், தப்பில்லை. ஆனால் போன் மேப்பில் போடும்போது பாதிப் பேர் 12 டிகிரி 29 நிமிடத்தை 12.29 என்று அடித்துவிட்டார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அணைக்கரையில் நின்றுகொண்டிருக்கிற கூட்டத்துக்கு அம்பு பாலக்கோடு பக்கம் காட்டியது. 23 கிலோமீட்டர்! ஒரு தம்பதி காரைத் திருப்பவே போய்விட்டார்கள். நான் தான் மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டி நிறுத்தினேன். இதற்கு எனக்குத் தள்ளுபடி கொடுத்திருக்க வேண்டும்.

முதல் டப்பா வேலி ஓரம், சுலபம். இரண்டாவதுக்குத்தான் எல்லாரும் திணறினார்கள். அம்பு கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் ஒரு வேடியப்பன் கல். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லை எங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். வில்லும் கத்தியும் பிடித்த உருவம், மேலே மஞ்சள் பூசி, எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். பதினாறு பேரும் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றித் தடவுகிறார்கள். ஒருவர் ஷூ காலோடு மேடை மேலேயே ஏறிவிட்டார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருத்தி, "எறங்குடா கீழ, சாமி தெரியல உனக்கு?" என்று போட்டாள் ஒரு சத்தம். எனக்கே காது கூசியது.

உள்ளூர்த் தம்பி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஐயா, டப்பா அங்க இல்ல. காலையில நான்தான் எடுத்து அந்தப் புளியமரத்து வேர்ல வெச்சேன். அங்க வெக்க வேணாம்னு சொன்னேன், அவங்க கேக்கல" என்றான். தாளில் எண் பழையபடியே இருந்தது. அந்தத் தம்பி செய்ததுதான் சரி. அப்படிப்பட்ட இடத்தில் வைக்கிறதுக்கு முன்னால் ஊரில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஜியோகேச்சிங்கிலேயே இடத்துக்காரர் அனுமதி வாங்கு, தோண்டிப் புதைக்காதே என்று விதி உண்டு. இவர்கள் நாலாவது டப்பாவைக் கடப்பாரை போட்டுத் தோண்டியே புதைத்திருந்தார்கள். கடப்பாரைத் தடம் எனக்குத் தெரியாதா?

மூன்றாவதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பாறைக் குன்று. யானை யானையாக உருண்டைக் கற்கள், நடுவில் சந்து. போன் ஒரு நேரம் மூன்று மீட்டர் என்கிறது, இரண்டடி நகர்ந்தால் பதினைந்து என்கிறது. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் அப்படித்தான் ஏமாற்றும். வெட்டவெளியிலேயே போன் ஐந்து மீட்டர் அளவுக்குத் தப்பும். நிலம் அளக்கிற சங்கிலிக் கணக்கில் அது 25 லிங்க், அதாவது 25 கண்ணி. 25 லிங்க் தப்பினால் எங்கள் வேலையில் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள்.

எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பேத்தியைக் கூப்பிட்டு, "பாப்பா, போனைப் பையில போடு. கல்லைப் பாரு" என்றான். அவளும் குந்திக்கொண்டு பார்த்தாள். வெயில் படுகிற கல்லின் மேல்பக்கம் கறுத்து, சாம்பல் நிறத்தில் பாசி ஒட்டியிருக்கும். மண்ணோடு ஒட்டிய அடிப்பக்கம் வெளுத்து, செம்மண் கறையோடு இருக்கும். ஒரு சந்தில் தட்டைக் கல் ஒன்று வெளுத்த முகத்தை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. செம்மண் இன்னும் காயவில்லை. "இது தலைகீழா இருக்கு தாத்தா!" என்றாள். நானும் பிடுங்கின கல்லை இப்படித்தான் கண்டுபிடிப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தலையாரி ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கல்லை நகர்த்தினால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ரப்பர் பேண்ட் போட்டு. உள்ளே ஒரு சாவி வளையம், பிளாஸ்டிக் டைனோசர், அடுத்த தடவைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிச் சீட்டு, புது நோட்டு. நோட்டைப் புரட்டினாள். எல்லாம் வெள்ளை. முதல் பக்கத்தில் அன்றைய தேதி மட்டும், கோஆர்டினேட்டர் கையெழுத்தில்.

"நமக்கு முன்னாடி யாருமே வரலையா தாத்தா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன். டப்பாவைக் காலையில் வைத்து மத்தியானம் எடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் புது நோட்டு. போன வருஷம் வந்தவர் எழுதிய பேருக்குக் கீழே நம் பேரை எழுதுவதுதான் இந்த ஆட்டத்தில் இருக்கிற ருசி. அது இல்லாவிட்டால் வெறும் டிபன் பாக்ஸ் தேடல், அதைப் பிறந்தநாள் விழாவில் ஓசியில் வைக்கலாம். இரண்டு டப்பாவையாவது முறையாக அனுமதி வாங்கி நிரந்தரமாக வையுங்கள் என்று கோஆர்டினேட்டரிடம் சொன்னேன். "ஃபீட்பேக்கில் போடுங்க சார்" என்றான். போட்டுவிட்டேன்.

இன்னொரு அரை நட்சத்திரம் வேடியப்பன் கல்லுக்குக் குறைத்தேன். ஆக ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் முழுக்க உள்ளூர்த் தம்பிக்கு. அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 600 ரூபாயாம். போகிறவர்கள் பதிவு செய்யும்போதே அவன் வருவானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் அணைப் பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி சாக்குப் பையோடு டப்பாக்களைத் திரட்டினான். பேத்தி மூன்றாவது டப்பாவில் டைனோசரை எடுத்துக்கொண்டு தன் பாசிமணி வளையலைப் போட்டிருந்தாள். அவன் அதை எடுத்து நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அது அடுத்து வர்றவங்களுக்கு" என்றாள். ஒரு நிமிஷம் யோசித்தான். வளையலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் மறக்காம வெக்கறேன் பாப்பா" என்றான்.