சுவிஸ் அரிவாளும் என் இரண்டு மாணவர்களும்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் எனக்கு ஒரு சலூன் இருக்கிறது, வீட்டில் நான்கு மாடுகள் இருக்கின்றன. சலூன் சோறு போடுகிறது. மாடுகள் என் நித்திரையைத் தின்கின்றன. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களில், புல்லு வெட்டும் மெசின் கொட்டிலில் தூங்கியது. சிறிய அரிவாளோடு குந்தியிருந்து வெட்டியே முழங்கால் இரண்டும் போயின. இதைத் தொலைபேசியில் புலம்பியதன் பலன்தான், அடுத்த வருடம் சுவிஸிலிருந்து மச்சான் சுமந்து வந்த, நின்றபடியே புல்லு வெட்டும் இந்தக் கத்தி.

நெஞ்சைத் தாண்டும் உயரத்தில் ஒரு மரப்பிடி. அதில் இரண்டு கைப்பிடிகள். அடியில் 65 சென்ரிமீற்றர் நீளத்தில் வளைந்த அலகு. அலகில் ஒஸ்திரியா என்று பொறித்திருக்கிறது, ஆனால் கொண்டுவந்தவரை வைத்து ஊரில் அதற்குச் ‘சுவிஸ் அரிவாள்’ என்று பெயராகிவிட்டது. கார்ட்டூனில் எலும்புக்கூடு தோளில் வைத்துக்கொண்டு வருவது இதுதானே என்று என் சின்னவன் கேட்டான். பிறகு ஒரு கிழமை அதற்குக் கிட்ட வரவில்லை.

கத்தியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அப்பா கல்லிலும் தோல்வாரிலும் சவரக்கத்தி தீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்று பாதி பிளேட்டைச் செருகி ஒரு ஆளுக்குப் பிறகு எறிந்துவிடுகிறேன் என்றாலும் விரல் மறக்கவில்லை. விளிம்பைப் பெருவிரலால் குறுக்கே தொட்டதும் தெரிந்துவிட்டது, இது சவரக்கத்தியின் சொந்தக்காரன் என்று. அத்தனை மெல்லியது. நம் காட்டுக்கத்தியைப் போல ஓங்கிப் போட்டால் பல்லிளித்துவிடும்.

பராமரிப்பில்தான் நான் முட்டாளானேன். மச்சான் காட்டித்தந்த முறை இதுதான்: சில மணிநேர வேலைக்கு ஒரு முறை, சிறிய பட்டடையில் வைத்து விளிம்பைச் சூடேற்றாமல் சுத்தியலால் மெதுவாகத் தட்டி மெலிதாக்க வேண்டும். பிறகு கல்லில் தீட்ட வேண்டும். அவர் திரும்பிப் போனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. டவுனில் மின்சாணை பிடிக்கும் ஒரு இடத்தில் கொடுத்தேன். பொறி பறந்தது, நுனியில் இரண்டு விரலகலம் நீலம் பாரித்தது. நீலம் பாரித்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு விரலகலம் இன்றும் கூர் நிற்பதில்லை. தட்டுவதை இரண்டு மாதம் பழகினேன். முதலில் விளிம்பு சேலைக் கரைபோல நெளிந்தது; இப்போது நேராக வருகிறது.

கல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மலைக்காரர் மாட்டுக் கொம்பில் தண்ணீர் விட்டு அதற்குள் கல்லைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வார்களாம். நான் பாதியாக வெட்டிய சோடாப் போத்தலைக் கட்டியிருக்கிறேன். ஐந்து நிமிடம் வெட்டினால் நின்று இரு பக்கமும் மாறி மாறி இழுத்துத் தீட்ட வேண்டும். அலுப்பென்று விட்டீர்களானால் அடுத்த ஐந்து நிமிடம் உங்கள் தோள் வட்டியோடு கட்டும்.

பிடி எனக்கு நீளம். கீழ்க் கைப்பிடி இடுப்புப் பொருத்துக்கு நேராக வரவேண்டும். இரண்டு கைப்பிடிகளுக்கும் இடையே அவரவர் கையால் ஒரு முழம் இருக்க வேண்டும். பூ அளக்கும் முழத்தை அந்தக் குளிர்நாட்டிலும் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஊர்த் தச்சர் முதிரை மரத்தில் புதுப் பிடி செய்து தந்தார். கதவு நிலைக்கு ஏற்ற வேலை, தூக்கத்தான் முடியவில்லை. பிறகு தேக்கில் செய்வித்தேன், அதுதான் இப்போது பாவனையில் இருக்கிறது.

கற்றுக்கொடுத்த கதைக்கு வருகிறேன். முதல் மாணவன் மூத்த மகன். மெசின் பிடித்த கை, பலத்துக்குக் குறைவில்லை. பந்தை எல்லைக்கு அடிப்பதுபோல வீசினான். வீச்சின் முடிவில் அலகு மேலே எழும்பும், திரும்பி வரும்போது நுனி மண்ணில் குத்தும். மூன்றாம் நாள் புல்லுக்குள் மறைந்திருந்த புற்றில் ஏற்றிவிட்டான். அலகின் அடி தரையில் வழுக்கியபடியே போகவேண்டும், வழுக்கியபடியே வரவேண்டும். கையை விட்டுவிட்டு இடுப்பைத் திருப்பு, ஒரு வீச்சுக்கு நாலு விரலகலம் மட்டும் எடு என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஏறவில்லை. கடைசியில் புல்லே இல்லாத முற்றத்தில் கோலம் போடுவதுபோல அரைவட்டம் இழுக்க விட்டேன். ஒரு கிழமை இழுத்த பிறகு சரி வந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாணவி பக்கத்துக் காணி மாமி. அறுபதைத் தாண்டியவர், வெட்டு இயந்திரம் வயலுக்குள் இறங்கும்வரை வருடாவருடம் சிறிய அரிவாளால் நெல்லு அருவி வெட்டியவர். அவருக்கு வேறு வில்லங்கம். இடக்கை புல்லைப் பிடிக்கத் தேடுகிறது, முதுகு தானாகக் குனிகிறது. “நிமிருங்கோ மாமி” என்று நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். ஆனால் மழையில் சாய்ந்து கிடந்த புல்லுக்கு முன்னால் நான் திணறியபோது, “தம்பி, அந்தப் பக்கம் வாருங்கோ, புல்லு உங்களைப் பார்த்துச் சாய்ந்து கிடக்குது” என்றார். மறுபக்கம் போனேன். புல் என்னை விட்டு விலகிச் சாய்ந்திருந்தது, அலகு அடியில் சுகமாக நுழைந்தது. மச்சான் இதைச் சொல்லித் தரவில்லை.

வெட்டும் நேரம் முக்கியம். தை மாதத்தில் விடியப்புறம் ஐந்தரைக்கு, பனி புல்லில் நிற்கும்போது இறங்க வேண்டும். பனிதான் நுரை, நுரை இல்லாமல் யாராவது சவரம் செய்வார்களா? ஏழரைக்குள் மாடுகளுக்கு ஒரு நாள் புல் ஆகிவிடும், எட்டரைக்குச் சலூனைத் திறந்துவிடுவேன். ஆவணிச் சோளகக் காற்றில் புல் கம்பியாகக் காய்ந்துவிடும். அலகு மேலால் வழுக்கிப் போகும். அந்த மாதங்களில் இது சுவரில் தொங்குகிறது.

எனக்குப் பிடித்த இன்னொன்று: புல் முழுசாக, இடப்பக்கம் வரிசையாக விழுகிறது. மெசின் பார்த்தீனியக் களையையும் அரைத்து முகத்தில் தெளிக்கும், தோல் கடிக்கும். இதில் அதைப் பொறுக்கி எறிந்துவிடலாம். மாடு தின்றால் பால் கைக்கும். நின்றபடி வெட்டுவதால் முத்திரைப் புடையன் பாம்புக்கும் காலுக்கும் இடையில் ஒரு பிடி நீளம் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் மண் சுவிஸ் மண் அல்ல. வெட்டும் முன் காணியைக் காலால் நடந்து பாருங்கள். முதல் நாள் நான் பொறுக்கியது: துருப்பிடித்த முட்கம்பி, கூரைத் தகட்டுத் துண்டு, இரண்டு சன்னக் கூடுகள். கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணியாக இருந்தால் மட்டும் இறங்குங்கள், தெரியாத இரும்பைத் தொடாமல் அறிவியுங்கள். பற்றைக்கும் நாயுண்ணிச் செடிக்கும் இந்த அலகு ஆகாது.

அதற்குத் தடித்த, குட்டையான அலகு ஒன்று இருக்கிறதாம். வரும் வருடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாமி தனக்கும் புல் அலகு ஒன்று கேட்கச் சொன்னார். பிடிக்கு இப்போதே தச்சரிடம் போய்த் தன் முழத்தை அளந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.