பழைய வீட்டில் ஈயம்: எக்ஸ்ஆர்எஃப் கருவியா, தூசி மாதிரியா?

அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978-இல். அதற்கு முன் கட்டிய வீட்டை வாங்குபவருக்கு, ஈயச் சோதனை செய்துகொள்ள சட்டம் பொதுவாக 10 நாள் அவகாசம் தருகிறது. வீடு கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் பலர் அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சரி, எந்தச் சோதனை?

எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ் கதிரைக் கொண்டு ஈயத்தை அளக்கும் கையடக்கக் கருவி. அதைச் சுவரில் வைத்தால் சில நொடிகளில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும். மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் அடியிலுள்ள ஈயத்தையும் காட்டும், சுவருக்குச் சேதமில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஈயப் பெயிண்ட். முடிவு சொல்ல முடியாதபடி அளவு இழுபறியாக வந்தால் பெயிண்ட்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கடையில் கிடைக்கும் நிறம் மாறும் சோதனைக் குச்சியை நம்பி வீடு வாங்க முடியாது.

ஆனால் ஈயம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் எக்ஸ்ஆர்எஃப் சொல்லும். குழந்தையின் கைக்கு, அங்கிருந்து வாய்க்கு, அது போகிறதா என்று சொல்லாது. அதைச் சொல்வது தூசி மாதிரி, அதாவது வீட்டுத் தூசியைத் துடைத்தெடுத்து ஆய்வகத்தில் ஈயத்தை அளக்கும் சோதனை. தரையில் ஓரடிக்கு ஓரடி சதுரமாக டேப் ஒட்டி, கையுறையோடு ஈரத் துடைப்பானால் பக்கவாட்டில் ஒருமுறை துடைப்பார்கள். அதை மடித்து, மேலிருந்து கீழாக இன்னொரு முறை துடைத்துக் குழாயில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஜன்னல் விளிம்பை விட்டுவிடவே கூடாது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கேதான் பெயிண்ட் உரசிப் பொடியாகிறது.

செலவைக் குறைக்க நாலு அறைத் தூசியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சாம்பிளாக அனுப்புவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு கூடுதலாக வந்தால் எந்த அறை என்று தெரியாது.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தூசி மாதிரியை முதலில் எடுங்கள். சுவரை உடைத்துப் புதுப்பிக்கப் போகிறீர்களா? அப்போது எக்ஸ்ஆர்எஃப் முதலில், வேலை முடிந்து சுத்தம் செய்த பிறகு தூசி மாதிரி. ஈய நீக்கம் செய்த வீட்டில், சுத்தம் செய்த பிறகும் மிஞ்ச அனுமதிக்கப்படும் தூசி ஈய அளவை, 2024-இல் வந்த விதி தரைக்குச் சதுர அடிக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5-ஆகவும், ஜன்னல் விளிம்புக்கு 100-லிருந்து 40-ஆகவும் குறைத்திருக்கிறது. வேலைக்குப் பிறகு எடுக்கும் தூசி மாதிரியை, அந்த வேலையைச் செய்த காண்டிராக்டரே எடுக்க விடாதீர்கள், அவரோடு தொடர்பில்லாத ஒருவரை வரவழையுங்கள்.