அம்பாசடருக்கு கியர்பாக்ஸ் தேடுறீங்களா? என் 14,000 ரூபாய் கதையைப் படிச்சுட்டு வாங்குங்க

அப்பச்சி விட்டுட்டுப் போன அம்பாசடர், 1489 சிசி டீசல். ஸ்டியரிங் பக்கத்துலயே கியர் கம்பி, நாலு கியர். காரைக்குடியில இருந்து திருச்சி போறதுக்குள்ள எஞ்சின் கத்துற கத்துல, பின்சீட்டுல ஆத்தா பேசுறது காதுல விழாது. மூணாவது கியர் வேற அடிக்கடி எகிறி நியூட்ரலுக்கு வந்துரும். மாத்துறதுதான் மாத்துறோம், எஞ்சின் கத்துறதும் குறையும், அஞ்சு கியர் பெட்டியாவே போட்டுருவோம்னு ஆசைப்பட்டேன்.

சென்னையில ஒரு பழைய பார்ட்ஸ் கடை. போன்ல கேட்டது ஒரே கேள்வி: "என்ன வண்டிண்ணே?" அம்பாசடர்னேன். "அம்பாசடர் எல்லாத்துக்கும் ஒரே பெட்டிதாண்ணே, கண்ணை மூடிட்டுப் போடுங்க." எஞ்சின் எதுன்னு அவரும் கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. அனுப்பின மூணு போட்டோவும் பக்கவாட்டுல எடுத்தது. எஞ்சினோட சேருற முன்முகம், பெல் ஹவுசிங், ஒண்ணுலயும் இல்ல. அது தற்செயல்னு இப்ப நான் நம்பல. 14,000 ரூபாய் போட்டு விட்டேன். லாரி பார்சல் தனி.

பட்டறையில சாக்கைப் பிரிச்சதுமே மெக்கானிக் அண்ணன், "தம்பி, இது இசுசூ பெட்டியில்ல?"ன்னார்.

1990-கள்ல அம்பாசடருக்கு ஜப்பான் கம்பெனி இசுசூவோட 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்துச்சு. அஞ்சு கியர் அதோட வந்தது. என் வண்டியோட எஞ்சின் பழைய இங்கிலாந்து வம்சம். பேருதான் ஒண்ணு, போல்ட் ஓட்டை ஒத்து வரல, பெட்டியோட முன் ஷாஃப்ட் பல்லு என் கிளட்ச் பிளேட்டுல இறங்கல, கியர் கம்பியோ தரையில இருந்து வரணும்.

கடைக்காரரைக் கூப்பிட்டா, "எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு பிளேட் கடைஞ்சு வைங்க"ன்னு கூசாம சொல்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பிளேட் கனத்துக்கு பெட்டி பின்னாடி தள்ளும், ஷாஃப்ட் முனை எஞ்சின் கிராங்க் முனையில இருக்கிற புஷ்ல முழுசா உக்காராது. "லேத்துல ஓட்டை போட்டுரலாம் தம்பி, எஞ்சினும் பெட்டியும் நேர்கோட்டுல நிக்கிற சென்டரை யாரு கொண்டு வர்றது?"

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வித்த இரும்பு வித்ததுதான்." அதுக்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.

காண்டசா கார் வச்சிருக்கிறவங்களும் கவனிங்க, அதுலயும் 1.5 லிட்டர் எஞ்சின், இசுசூ 1.8 லிட்டர் எஞ்சின் ரெண்டும் உண்டு. பழைய ஸ்விஃப்டுல டீசல் எஞ்சினே ஃபியட் வடிவமைச்சது, பெட்ரோல் பெட்டி அதுல ஏறாது. எஞ்சின் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. முன்முகத்தை நேரா போட்டோ எடுக்கச் சொல்லுங்க. உங்க பழைய கிளட்ச் பிளேட்டைக் கழட்டி பல்லை எண்ணி வச்சுக்கிட்டு, அந்த ஷாஃப்ட் பல்லை வீடியோவுல எண்ணிக் காட்டச் சொல்லுங்க. மழுப்பினா போனை வச்சிருங்க.

கடைசியில என் பழைய பெட்டியையே பிரிச்சு, மூணாவது கியரைச் சரி பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கேன். 4,500 ரூபாயோட முடிஞ்சது. வந்த பெட்டி வளவுல தூணோரம் கிடக்கு. ஆத்தா தினமும் அதைச் சுத்திக் கூட்டுறாக. இசுசூ எஞ்சின் அம்பாசடர் யாராவது வச்சிருந்தா சொல்லுங்க. பெட்டி என்னமோ நல்ல பெட்டிதான்.