ஒரு ஜிபி சர்வரும் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லும்

மூன்று வருடமாக ஒரே ஒரு சின்ன கிளவுட் சர்வரை வைத்து ஓட்டுகிறேன். 1 ஜிபி ராம், ஒரு சிபியு, 25 ஜிபி டிஸ்க், மேலே உபுண்டு லினக்ஸ். அதில் ஓர் இணையதளம், அதற்கு ஒரு டேட்டாபேஸ், கொஞ்சம் பைத்தான் ஸ்கிரிப்ட். தானாக ஓடிக்கொண்டிருக்கும்வரை குறை சொல்ல எதுவும் இல்லை. புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்யப் போனால்தான் வம்பு.

முதல் அடி ஒரு பைத்தான் பேக்கேஜில் விழுந்தது. என் பைத்தான் வெர்ஷனுக்குத் தயார் வீல் ஃபைல் (முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த பேக்கேஜ்) இல்லாததால், பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப் அதை சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்ய ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்துத் திரையில் ‘கில்டு’ (Killed, கொல்லப்பட்டது) என்று மட்டும் வந்து நின்றது. யார் கொன்றார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. பேக்கேஜில்தான் கோளாறு என்று நினைத்து, வெர்ஷனை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு சாயங்காலத்தையே தொலைத்தேன். கடைசியில் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசெக் (dmesg) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று கெர்னல் அப்போதே எழுதி வைத்திருக்கிறது! ராம் தீர்ந்துபோனால், பெரும்பாலும் அதிகமாகத் தின்னும் புராசஸைக் கெர்னலே முடித்துவிடும். இன்னொரு முறை அது டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தது. இன்ஸ்டால் வெற்றிகரமாக முடிந்தது, தளம் படுத்துவிட்டது.

பல கிளவுட் இமேஜ்களில் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) இருக்காது. என்னுடையதிலும் இல்லை. 2 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுத்து, அதை ஸ்வாப் ஆக்கினேன். அதே கம்பைல் ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் முடிந்தது. ஆனால் பூட் ஆகும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் ஒரு வரி சேர்க்க மறந்துவிட்டேன். அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் காணாமல் போய், மறுபடி ‘கில்டு’.

அப்புறம் லாக் (lock, பூட்டு) தகராறு. சர்வர் எழுந்த கையோடு உபுண்டுவின் இன்ஸ்டால் கட்டளையான ஏப்ட் (apt) கொடுத்தால், லாக் வேறொரு புராசஸிடம் இருக்கிறது என்று சொல்லும். பெரும்பாலும் பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். லாக் ஃபைலை அழித்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நான் கேட்டேன். இரண்டு பேக்கேஜ் அரைகுறையாக நின்றுபோயின. ஏப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியை (dpkg) ‘கான்ஃபிகர்’ ஆப்ஷனோடு ஓட்டித்தான் மீட்டேன். அந்தச் செய்தியிலேயே புராசஸ் எண் இருக்கிறது. அது யார் என்று பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும்.

டிஸ்க் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பாதி காலியாக இருந்தும் ‘இடம் இல்லை’ என்றது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையை ‘-ஐ’ (-i) சேர்த்துப் போட்டதும் புரிந்தது: ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) 100 சதவீதம். பழைய செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தன.

இதெல்லாம் பட்ட பிறகு, இன்ஸ்டால் தோற்றால் பேக்கேஜின் பேரைத் தேட ஓடுவதில்லை. ராம், டிஸ்க், டிமெசெக் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் பிப் நேரடியாக சிஸ்டம் பைத்தானில் எழுத மறுக்கிறதே, அது கோளாறு கணக்கில் வராது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் ஃபோல்டர்) போட்டுக்கொள்ளுங்கள். மீறி எழுத ஓர் ஆப்ஷன் உண்டு. ‘சிஸ்டம் பேக்கேஜ்களை உடை’ என்று அதற்கே பேர் வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் எப்படி எச்சரிப்பது?

இப்போது கனமான கம்பைலை லேப்டாப்பில் முடித்து, வீல் ஃபைலை மட்டும் சர்வருக்கு ஏற்றுகிறேன். இரண்டிலும் பைத்தான் வெர்ஷனும் சிபியு வகையும் ஒத்துப்போக வேண்டும். என் லேப்டாப் சிபியு ஆர்ம் (ARM) வகை, சர்வருடையது எக்ஸ்86 (x86). முதல் வீலை, இந்த பிளாட்ஃபார்முக்கு ஆகாது என்று பிப் ஒரே நொடியில் திருப்பிவிட்டது. பரவாயில்லை, காரணத்தையாவது சொன்னது.