கோபர்க் மீன்பிடிப் பயணம்: 3,400 டாலர் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வினில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்துக்கொண்டு கோபர்க் தீபகற்பம் பக்கம் மீன் பிடிக்கப் போகும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 3,400 டாலர். இன்று காலைதான் "திருப்பித் தர வழியில்லை" என்று கடைசிப் பதில் வந்தது. கை நடுங்கத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், கோர்வையாக இருக்காது.

பெயர் சொல்லப் போவதில்லை. வண்டி, கூரைக் கூடாரம், தூண்டில், கோபர்க் தேசியப் பூங்காவுக்கான அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக இணையத்தில் விற்கும் சின்ன ஏற்பாட்டாளர். அவ்வளவு போதும்.

மெல்போர்னிலிருந்து நண்பர்கள் நாலு பேர் ஈஸ்டர் விடுமுறைக்குக் கிளம்புவதாகத் திட்டம். முதல் போனிலேயே நான் கேட்டது சாலையைப் பற்றித்தான். வடக்கே நவம்பரில் தொடங்கும் மழைக்காலம் ஏப்ரல் வரை நீளும். கோபர்க் போக, ககாடு தேசியப் பூங்காவின் ஓரத்தில் கிழக்கு அலிகேட்டர் ஆற்றை கேஹில்ஸ் கிராசிங்கில் கடந்து, பழங்குடி மக்களின் நிலமான ஆர்னம் லாண்டின் மண் சாலையில் ஓட்ட வேண்டும். அந்தத் தரைப்பாலம் மழையில் மூழ்கிக் கிடக்கும். அதற்கும் முன்னால் மகேலா ஓடை சாலையை மூடிவிடும். "இந்த வருஷம் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிட்டது, ஈஸ்டருக்குள் திறந்துவிடுவார்கள். திறக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும்" என்றார் ஏற்பாட்டாளர்.

அப்புறம் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெள்ளம் வடியும்போது சமவெளித் தண்ணீர் ஓடைகள் வழியாக ஆற்றில் இறங்கும், பொடி மீனெல்லாம் அதோடு வரும், ஓடை வாயில் பாராமுண்டி, அதாவது நம் கொடுவா, காத்துக் கிடக்கும். தெளிந்த நீரும் கலங்கல் நீரும் சேரும் கோட்டில் தூண்டிலைப் போடுங்கள், 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மீனைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்கிற ஆள் சாலையைப் பற்றிப் புளுகுவான் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பேச்சு முடிந்த கையோடு பணத்தை அனுப்பினோம். கார்டு வேண்டாம், கட்டணம் பிடிப்பார்கள், நேராக வங்கிக்கே போடுங்கள் என்றார். இப்போதுதான் புரிகிறது ஏன் என்று.

கிளம்பும் வாரம் அரசின் சாலை நிலவரப் பக்கத்தைப் பார்த்தால், மூடல். போன் செய்தேன். "இரண்டு நாளில் திறக்கும்." திறக்கவில்லை. அடுத்து, "தடுப்பைச் சுற்றிப் போய், கடல் வற்றும் நேரம் பார்த்துக் கடந்துவிடுங்கள்." முதலைகள் கூட்டமாகக் கிடக்கிற இடம் அது! அவர் கொடுத்த ஒப்பந்தத்திலேயே தண்ணீரில் இறக்கினால் காப்பீடு செல்லாது என்று இருக்கிறது. அனுமதிச் சீட்டைக் காட்டு என்றேன். "வந்துகொண்டிருக்கிறது." பூங்கா அலுவலகத்தைக் கேட்டால், சீசனே தொடங்கவில்லை, அந்தத் தேதிக்கு யாருக்கும் கொடுக்கவில்லை என்கிறார்கள்.

பணத்தைக் கேட்டதும் குரல் மாறியது. சாலை மூடியது அரசாங்கமாம், வண்டி தயாராகத்தான் நிற்கிறதாம். லிச்ஃபீல்ட் தேசியப் பூங்காவில் ரெனால்ட்ஸ் ஆற்றுத் தடத்துக்குப் போங்களேன் என்றார், அதுவும் மழைக்காலத்தில் மூடியிருக்கும் தடம். பிறகு 3,400-க்கும் அடுத்த வருஷத்துக்கு வவுச்சர். ஜூன், ஜூலையில் அது செல்லாதாம். சாலை திறந்து நல்லபடியாகப் போகிற மாதங்களே அவைதானே! அதன்பின் செய்தி அனுப்பினால் நீலக் குறி மட்டும். வங்கியும் கையை விரித்துவிட்டது.

இன்னொரு கூத்து. 3,400-இல் 160 டாலர் "மீன்பிடி லைசென்ஸ்". வடக்குப் பிரதேசத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க லைசென்சே கிடையாது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஏப்ரலில் கோபர்க் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மே மாதத்துக்குப் பிறகு பாருங்கள். ஏப்ரலில் பாராமுண்டிதான் வேண்டுமென்றால் தார்ச்சாலையில் போய்ச் சேரும் இடமாகத் தேடுங்கள். அனுமதியை நீங்களே விண்ணப்பித்து வாங்குங்கள். சாலை மூடினால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள்.

நுகர்வோர் அலுவலகத்தில் புகார் போட்டாயிற்று. அவருடைய விளம்பரம் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.