இதயக் குழாய் சி.டி. ஸ்கேன்: திருவனந்தபுரத்தில் எங்கள் அனுபவம்

என் மகள் 800 மீட்டர் ஓடுபவள். பயிற்சியின்போது கடைசிச் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்தாள். உள்ளூர் மருத்துவமனையில் இ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாக இருக்கின்றன என்று வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். என் மனம் கேட்கவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்கு இதய மருத்துவரின் சீட்டோடு போனோம்.

சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். நாடித்துடிப்பு குறைய மாத்திரை கொடுத்து, அது இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கிவிடுமாம். இதயக் குழாய்கள் விரிய நாக்கின் அடியில் மருந்து அடித்தார்கள். படத்தில் குழாய்கள் தெரிவதற்காக ஊசி வழியே செலுத்தும் சாய மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும் என்று நர்ஸ் முன்பே சொல்லி, "பேடிக்கண்டா மோளே" (பயப்படாதே மகளே) என்று கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுக்கச் சில நிமிடங்கள்தான்.

இந்த மையத்தை நான் பரிந்துரைக்கக் காரணம், படம் பார்த்த டாக்டர். என்னை அருகில் உட்கார வைத்துத் திரையில் காட்டினார். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் வலது இதயத் தமனி, மகாதமனியின் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெருங்குழாய்) வலப்பக்கம் கிளம்பாமல் இடப்பக்கம் கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே போகிறது. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடுகிறது; வாயும் வட்டமாக இல்லை, கீறல் போல ஒடுங்கியிருக்கிறது. ஓடும்போது இரு பெருங்குழாய்களும் விரிய, அந்தக் கீறல் இன்னும் நெருங்கலாம். தசைக்கு அதிக ரத்தம் வேண்டிய அதே நேரத்தில் வரத்து குறைகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் தசை செத்துத் தழும்பாகலாம், அந்தத் தழும்பிலிருந்து துடிப்பு தாறுமாறாகலாம் என்றார். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யில் இது தெரியாமலே போகக்கூடும்.

என் அண்ணன் ரிப்போர்ட்டில் இருந்த 'பிரிட்ஜ்' பற்றியும் கேட்டேன். அது வேறு என்றார்: தமனியின் ஒரு துண்டு தசைக்கு அடியில் புதைந்து ஓடுவது. புதைந்த பகுதியின் சுவரில் பெரும்பாலும் கொழுப்பு படிவதில்லை, அதற்குச் சற்று முன்னால்தான் படியுமாம்.

குறையும் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கும் படங்களைப் பதிந்து தரும் குறுந்தட்டுக்கும் தனிக் கட்டணம் என்பதைப் பணம் கட்டும்போதுதான் சொன்னார்கள். காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் போதவில்லை.

ஓட்டப் பயிற்சியை நிறுத்திவிட்டோம். அந்தத் தட்டில் இருந்த படங்களை வைத்தே இதய அறுவை மருத்துவர் பேசினார். மறுபடி ஸ்கேன் கேட்கவில்லை. ஆகவே ரிப்போர்ட்டோடு தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.