ஒயர் மாட்டாத சேனலில் 1.4 வோல்ட்: யூஎஸ்பி டாக் கார்டுகளின் நீண்டகால அனுபவம்

சென்சார்களின் வோல்டேஜை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டாக் (DAQ) கார்டில், எதுவும் மாட்டாத சேனலில் (உள்ளீட்டு முனையில்) வோல்டேஜ் தெரிந்தால், கார்டு போய்விட்டது என்று கழற்றிப் பார்சல் கட்டிவிடுகிறார்கள். கப்பலூர் சிட்கோ பட்டறைகள், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்கள் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் ஓடும் இரண்டு வகைக் கார்டுகளை வைத்துச் சொல்கிறோம்: பெரும்பாலும் அது பழுதே இல்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

முதலாவது நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூஎஸ்பி-6008. பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டை உள்ளே இருக்கும் ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) ஏற்ற அளவுக்குக் குறைக்க ஒவ்வொரு சேனலிலும் ரெசிஸ்டர்கள் உண்டு. அவற்றில் ஒன்று 2.5 வோல்ட் ரெஃபரன்ஸில் போய்ச் சேர்கிறது. அதனால் வெறும் டெர்மினல் சுமார் 1.4 வோல்ட்டில் நிற்கும். மல்டிமீட்டரை வைத்தாலும் அதே அளவுதான் வரும். டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு முனைகளின் வித்தியாசத்தை அளக்கும் முறைக்கு, மாற்றினால் இரண்டு முனையும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும்.

இதைச் சோதிக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இந்தக் கார்டின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளீட்டு முனையின் மின்தடை) 144 கிலோ ஓம்தான். 10 கிலோ ஓம் போட்டால் சுமார் 90 மில்லிவோல்ட் மிச்சம் நிற்கும். உடனே "ஆஃப்செட் (பூஜ்யத்திலிருந்து நிலையான விலகல்) இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சின்ன ஒயர் துண்டால் சேனலையும் பக்கத்துக் கிரவுண்ட் டெர்மினலையும் நேராக ஷார்ட் செய்யுங்கள். அப்போது வருவதுதான் உண்மையான ஆஃப்செட். சிங்கிள் எண்டடில் (கிரவுண்டை வைத்து அளக்கும் முறை) இது 11 பிட் கார்டு, ஒரு படியே ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். ஓரிரு படி தள்ளி நின்றால் சாஃப்ட்வேரில் கழித்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, அதே கம்பெனியின் யூஎஸ்பி-6210, வேறு ஜாதி. இன்புட் இம்பீடன்ஸ் 10 கிகா ஓமுக்கு மேல். 16 சேனலுக்கும் ஒரே ஏடிசி, மல்டிபிளெக்சர் வழியாக மாறி மாறிப் படிக்கும். முந்தைய சேனலில் 5 வோல்ட் இருந்தால், அந்தச் சார்ஜ் வடிய வழியில்லாமல் அடுத்த வெற்றுச் சேனலிலும் அதன் சாயல் தெரியும். ஸ்கேன் வரிசையை மாற்றிப் பாருங்கள். ரீடிங்கும் கூடவே மாறினால் காரணம் இதுதான். 10 மெகா ஓம் மல்டிமீட்டரின் முனையைத் தொட்டவுடன் அந்த வோல்டேஜ் சரிந்துவிடும். பயன்படுத்தாத சேனல்களைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள், அல்லது ஸ்கேன் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) போட்டால் மைனஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் அவசியம்.

50 ஹெர்ட்ஸ் சமாச்சாரம் இதைவிடக் குழப்பும். நொடிக்கு ஒரு சாம்பிள் எடுத்தால், மெயின்ஸிலிருந்து ஏறும் இரைச்சல் மெதுவாக ஏறி இறங்கும் டிசி போலவே தெரியும். கிரிட் அலைவரிசை சரியாக 50-இல் நிற்பதில்லை என்பதுதான் காரணம். நொடிக்கு 1,000 சாம்பிள் எடுத்து வரைந்து பாருங்கள், சைன் அலை தெரிந்துவிடும். பிறகு 100 சாம்பிளுக்கு ஒரு சராசரி போடுங்கள். அது சரியாக 5 சுழற்சி.

மில்லில் பஞ்சுத் தூசி டெர்மினல் பிளாக்கில் படியும். வெயில் காலத்தில் தொந்தரவு இல்லை. ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் பக்கத்து டெர்மினலிலிருந்து கசிவு வரும், 6210 மாதிரிக் கார்டில் அது உடனே தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், ஒயர் அறுந்ததை இந்த 1.4 வோல்ட் மறைத்துவிடும். 0–10 வோல்ட், 0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் கேபிளை எலி கடித்தாலும் 6008-இல் திரை 1.4 பார் என்று நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் சந்தேகப்பட வழியே இல்லை. முடிந்த இடத்திலெல்லாம் 4–20 மில்லிஆம்ப் டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள், கார்டின் டெர்மினலிலேயே 250 ஓம் ரெசிஸ்டரை முறுக்குங்கள். 4 மில்லிஆம்பே அதில் 1 வோல்ட் தரும். லூப் அறுந்தால் 1.4 வோல்ட் இருக்காது, சில மில்லிவோல்ட்தான் மிஞ்சும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே அலாரம் வைத்துவிட்டால் போதும்.